புதிய காரில் எண்ணெய் ஒழுகும்போது

பழைய காரின் அடியில் எண்ணெய்த் துளி தென்பட்டால், அதன் உடையவர் அதை வயதின் அடையாளமாக எடுத்துக்கொண்டு அடுத்த சர்வீஸ் வரையில் பொறுத்துப்போவது உண்டு. ரப்பர் இறுகுவதும், கேஸ்கெட் சுருங்குவதும், போல்ட்டுகள் தளர்வதும் ஆண்டுகள் செய்யும் வேலையாதலால், அந்தப் பொறுமைக்கு ஓரளவு நியாயமும் இருக்கிறது. ஆனால் வாங்கி ஓராண்டு நிறையாத, பத்தாயிரம் கிலோமீட்டரும் ஓடி முடியாத ஒரு காரில் எண்ணெய் ஒழுகுமானால், அங்கே வயதைக் காரணம் காட்ட இடமே இல்லை. புதிய வண்டியின் ஒழுக்கு பெரும்பாலும் ஏதோ ஒரு கையின் பிழையாகவே இருக்கும். தொழிற்சாலையில் சீலைக் கோணலாகப் பொருத்திய கையாகவோ, முதல் சர்வீஸில் பில்டரை அவசரமாகத் திருகிய கையாகவோ, உயர்ந்த வேகத்தடையின்மேல் வண்டியின் அடிவயிற்றை மோதவிட்ட நம்முடைய சொந்தக் கையாகவோ அது இருக்கலாம். ஆகவே, எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று தேடும்போதும், செலவை யார் ஏற்பது என்று வழக்காடும்போதும், அந்த இடத்தைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்னும் ஒரே கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டால், பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில், சொட்டுவது இன்ஜின் எண்ணெய்தானா என்பதை நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். நம் நாட்டுக் கோடையில் ஏ.சி. போட்டுக்கொண்டு ஓடி வந்து நிற்கும் எந்தக் காரும் முன்பக்கத்து அடியில் தெளிந்த நீரைச் சொட்டியே தீரும். அது காற்றிலிருந்து பிரிந்த வெறும் நீராகையால், அதைக் கண்டு கலவரமடைய வேண்டியதில்லை. ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து அதன் வெளுத்த பக்கம் மேலே தெரியும்படி இரவில் வண்டிக்கு அடியில் விரித்துவைத்தால், காலையில் கறையின் நிறமும், அது விழுந்த ஸ்தானமும் ஒருங்கே தெரிந்துவிடும். பெட்ரோல் வண்டியின் எண்ணெய் தேன் நிறத்திலிருந்து பழுப்பு வரையிலும், டீசல் வண்டியின் எண்ணெய் மாற்றிய சில நாட்களிலேயே கரிய நிறமாகவும் இருக்கும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எண்ணெய் பெரும்பாலும் சிவப்பு. ரேடியேட்டரின் கூலண்ட் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ இருப்பதோடு, ஒரு தித்திப்பு மணமும் வீசும். சக்கரத்தின் உட்புறத்திலோ பிரேக் மிதிக்கு நேரே அடியிலோ, ஏறத்தாழ நிறமற்று வழுவழுப்பாக ஒரு திரவம் காணப்பட்டால், அது பிரேக் எண்ணெயாக இருக்கக்கூடும். அப்படியாயின் இந்த அத்தியாயத்தை மூடிவைத்துவிட்டு, வண்டியை ஓர் அடியும் நகர்த்தாமல் மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைப்பதுதான் உசிதம்.

பொய்யான பயங்கள் இன்னும் இரண்டு உண்டு. புதிய கார்களின் அடிப்பாகத்தில் துருப்பிடிக்காதிருக்கப் பூசப்படும் மெழுகு, முதல் சில நாட்களில் உஷ்ணத்தால் உருகிப் புகையையும் நாற்றத்தையும் உண்டாக்கும். சர்வீஸின்போது பில்டரைக் கழற்றுகையில் சிந்திய எண்ணெய், சரியாகத் துடைக்கப்படாமல், வீட்டுக்கு வந்த பிறகும் ஓரிரு நாட்கள் சொட்டிக்கொண்டிருக்கும். எனினும் இந்த இரண்டாவது சமாதானத்தை, டிப்ஸ்டிக்கில் எண்ணெயின் மட்டம் இறங்கவில்லை என்று கண்ணால் கண்ட பிறகே ஏற்றுக்கொள்ள வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிஷம் பொறுத்து, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுவதும் செருகி எடுத்துப் பார்ப்பதே சரியான முறை. மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையிலுள்ள தூரம் அநேக கார்களில் ஏறக்குறைய 1 லிட்டரைக் குறிக்கிறது. சிறிய பெட்ரோல் இன்ஜின் கொள்ளும் எண்ணெயே 3 முதல் 3½ லிட்டர்தான் என்பதை நினைத்தால், அந்த ஒரு லிட்டரின் மதிப்பு விளங்கும்.

எண்ணெய்தான் என்று நிச்சயமான பின், அபாயத்தின் அளவைத் தரையிலுள்ள கறையின் அகலத்தை மாத்திரம் கொண்டு மதிப்பிடுவது பெரும் பிழை. இன்ஜினுக்குள் எண்ணெய் இருவகை நிலையில் இருக்கிறது. அடியிலுள்ள சம்பிலும், தலைமேலுள்ள டேப்பெட் கவருக்குக் கீழும் அது அழுத்தமின்றிக் கிடக்கிறது. ஆயில் பம்ப்பு அதை உறிஞ்சி, பில்டர் வழியாகக் கிராங்க் ஷாப்ட்டின் பேரிங்குகளுக்கும், நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலவல்ல டர்போவுக்கும் அனுப்பும் வழியிலோ, சதுர அங்குலத்துக்கு 30 முதல் 60 பவுண்டு வரை அழுத்தத்துடன் அது ஓடுகிறது. அழுத்தமில்லாத பக்கத்தில் ஏற்பட்ட கசிவு, நிற்கும் வண்டியிலும் ஓடும் வண்டியிலும் ஒரேவிதமாக மெல்லச் சொட்டும். அழுத்தமுள்ள பக்கத்தில், அதாவது பில்டரின் வளையத்திலோ, ஆயில் பிரஷர் சுவிட்சிலோ, ஆயில் கூலரிலோ, டர்போவுக்குச் செல்லும் குழாயிலோ பழுது நேர்ந்தால், நின்றிருக்கும்போது ஒரு துளியும் விழாமல், இன்ஜின் ஓடத் தொடங்கிய சில நிமிஷங்களிலேயே முழு எண்ணெயும் பாதையில் கொட்டிப்போகக் கூடும். இரவெல்லாம் அட்டை வெள்ளையாகவே இருந்தது என்ற தைரியத்தில் நெடும்பிரயாணம் கிளம்பியவர், பாதி வழியில் இன்ஜினை இழப்பது இவ்விதமே.

இதனோடு வேறொரு மறைவும் சேர்ந்துகொள்கிறது. இக்காலத்துக் கார்களில் இன்ஜினுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு மூடியிருக்கிறது. ஒழுகும் எண்ணெய் முதலில் அந்தத் தட்டில் தேங்கி, அது நிரம்பியபின் அல்லது ஒரு மேட்டில் வண்டி சாய்ந்தபின்தான் வெளியே வருகிறது. ஆதலால் தரையில் முதல் கறை விழுந்த நாளே கசிவு தொடங்கிய நாள் என்று எண்ணிவிடலாகாது.

டாஷ்போர்டில் எண்ணெய்க் குவளையின் வடிவில் எரியும் சிவப்பு விளக்கைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதைப் பலர் எண்ணெய் குறைந்ததைத் தெரிவிக்கும் ஞாபகக் குறிப்பு என்று கருதிக்கொண்டிருக்கிறார்கள். சாதாரணமாக அந்த விளக்கு அளவை அறிவதில்லை; அழுத்தத்தையே அறிகிறது. சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 5 பவுண்டுக்குக் கீழே அழுத்தம் விழுந்தபோதுதான் அது எரியும். அந்நிலையில், பேரிங்குக்கும் கிராங்க் ஷாப்ட்டுக்கும் நடுவே மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனத்தில் நின்று, உலோகத்தை உலோகம் தொடாமல் காத்துவந்த எண்ணெய்ப் படலம், அறுந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வளைவில் திரும்பும்போதோ சட்டென்று பிரேக் போடும்போதோ அந்த விளக்கு ஒரு க்ஷணம் மின்னி மறைந்தால், சம்பில் எண்ணெய் மிகவும் தாழ்ந்து, பம்ப்பின் வாய்க்குக் காற்று எட்டுகிறது என்று அறியலாம். மின்னிய விளக்கு அணைந்துவிட்டதே என்று ஆறுதல் அடைபவர்கள் அநேகர். அதை எச்சரிக்கையின் கடைசித் தவணை என்று கொள்வதே சரி.

விளக்கு எரிந்தால் ‘அடுத்த பெட்ரோல் பங்க்கு வரையில்’ என்னும் கணக்கே கூடாது. அபாய விளக்குகளைப் போட்டு, சாலையின் இடப்புறம் ஒதுங்கி, வண்டி நின்றவுடன் இன்ஜினை அணைக்க வேண்டும். ஓட்டத்திலேயே அணைத்துவிட்டால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனத்துப்போகுமாகையால், நின்ற பிறகு அணைப்பதே பத்திரம். பானெட்டின் இடுக்கில் புகை வருமாயின், எண்ணெய் சூடான சைலன்சர் மேனிபோல்டின்மேல் விழுந்துகொண்டிருக்கலாம். அப்போது பானெட்டை அகலத் திறந்து உள்ளே காற்றை விடாமல், எல்லாரும் இறங்கி விலகி நிற்க வேண்டும். புகையில்லை என்றால், சூடு ஆறியபின் டிப்ஸ்டிக்கைப் பார்க்கலாம். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்னும் எண்ணுக்கு அழைத்தால் உதவி கிடைக்கும். புதிய கார்களுடன் கம்பெனியோ இன்ஷூரன்ஸோ தரும் சாலையோர உதவிச் சேவையின் எண்ணும் வண்டியின் புத்தகத்தில் இருக்கும். வண்டியை ஏற்றிச்செல்ல, முழுவண்டியையும் தூக்கிவைக்கும் மேடை லாரியையே கேட்பது நலம். ஆட்டோமேட்டிக் கியர் உள்ளதையும், நான்கு சக்கரமும் இழுக்கும் வகையையும், சக்கரம் தரையில் உருள இழுத்துச் செல்வதால் கியர்பாக்ஸும் கெட்டுப்போக இடமுண்டு.

வழியில் எண்ணெய் வாங்கி ஊற்றிக்கொண்டு ஓட்டலாமா என்று கேட்பார்கள். சிவப்பு விளக்கு ஒருமுறை எரிந்துவிட்டதென்றால், கூடாது என்பதே என் துணிபு. விளக்கு எரியவில்லை, மட்டம் கீழ்க்கோட்டுக்குச் சற்றே கீழே இறங்கியிருக்கிறது, கசிவும் சொட்டுச் சொட்டாகவே இருக்கிறது, அருகில் சர்வீஸ் சென்டரும் இருக்கிறது என்றால், வண்டியின் புத்தகத்தில் குறித்த கிரேடிலேயே அரை லிட்டர் ஊற்றி, அந்த பில்லைப் பத்திரப்படுத்திக்கொண்டு, மெதுவாகப் போய்ச் சேரலாம். 0டபிள்யூ-20 என்று குறித்த இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 ஊற்றியதைக் காட்டி, பிற்பாடு வாரண்டியை மறுக்க ஒரு சாக்குக் கிடைத்துவிடக் கூடாது.

வீட்டிலோ அபார்ட்மெண்டின் பார்க்கிங்கிலோ கசிவு தெரிந்தால், தரையைக் கழுவத் தண்ணீர்க் குழாயை எடுப்பதற்கு முன் செல்போனை எடுக்க வேண்டும். கறை, வண்டியின் அடிப்பாகம், டிப்ஸ்டிக், கிலோமீட்டர் காட்டும் மீட்டர் ஆகிய நான்கையும் படம் பிடித்துக்கொண்டால், அவை நாளும் நேரமும் பொறித்த சாட்சியங்களாக நிற்கும். பிறகு கறையின்மேல் மரத்தூளையோ மணலையோ கொட்டி ஊறவைத்துப் பெருக்கி எடுக்கலாம். சாக்கடையில் கழுவிவிடுவது அண்டை வீட்டாருக்கும் நீர்நிலைக்கும் செய்யும் அபசாரம். இருசக்கர வண்டிகள் திரும்பும் இடத்தில் எண்ணெய் சிந்தியிருந்தால் இந்த மணல் வேலையைப் படம் பிடித்த மறுநிமிஷமே செய்துவிட வேண்டும்.

இனித் தேடல். ஓட்டு வீட்டில் மழைநீர் சொட்டும் இடத்துக்கு நேர்மேலே உடைந்த ஓடு இருப்பது அபூர்வம். நீர் கைமரத்தின் வழியே ஓடிவந்து வேறெங்கோ விழுகிறது. எண்ணெயும் அவ்வாறே புவியீர்ப்பால் கீழேயும், ஓட்டத்தின் காற்றால் பின்னேயும் பரவிச்செல்வதால், சம்பு நனைந்திருப்பதைக் கண்டு சம்பின்மேல் பழிபோடுவது பேதைமை. நனைந்த இடங்களுள் எது மிக உயரத்திலும் மிக முன்புறத்திலும் இருக்கிறதோ, அதற்கு அருகேதான் பிறப்பிடம் இருக்கும். அதைத் தெளிவாகக் காண, இன்ஜினின் வெளிப்புறத்தை முற்றிலும் துடைத்துச் சுத்தம் செய்து, டால்கம் போன்ற வெண்பொடியைத் தூவி, சில நிமிஷம் ஓட்டிப் பார்ப்பது பழைய முறை. எண்ணெயில் ஒரு சாயத்தைக் கலந்து ஓட்டி, புற ஊதா விளக்கின் ஒளியில் அது மஞ்சள் பச்சையாகப் பளிச்சிடும் இடத்தைக் காண்பது இன்றைய முறை. பெரிய சர்வீஸ் சென்டர்களில் இந்தச் சாயமும் விளக்கும் இருக்கும். கேட்டால்தான் வெளியே வரும்.

கசிவு முதல் சர்வீஸுக்குப் பின் சில நாட்களுக்குள் தோன்றியிருந்தால், அந்தச் சர்வீஸில் கை பட்ட இரண்டே இடங்களை முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும். சம்பின் டிரெயின் போல்ட்டுக்கு அடியிலுள்ள செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒருமுறை நசுங்கி அடைப்பதற்கென்றே செய்யப்பட்டது. அதை மாற்றாமல் பழையதையே போட்டால் கசியும், கசிகிறதே என்று மேலும் முறுக்கினால் அலுமினிய சம்பின் மரை அழிந்துபோகும். மற்றொன்று பில்டர். பழைய பில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட, அதைக் கவனியாமல் அதன்மேலேயே புதிய பில்டரைத் திருகிவிடுவது, மெக்கானிக்குகள் எல்லாரும் அறிந்த, ஆயினும் இன்றளவும் நிகழ்கிற ஒரு பிழை. இரட்டை வளையத்தோடு அது சில நூறு கிலோமீட்டர் தாங்கவும் கூடும். பிறகு நெடுஞ்சாலையின் வேகத்தில் ஒரு வளையம் பிதுங்கி, லிட்டர் கணக்கில் எண்ணெய் கொட்டிவிடும்.

சர்வீஸே ஆகாத வண்டியாயின் தொழிற்சாலையின் கையைத் தேட வேண்டியதுதான். இக்காலத்து இன்ஜின்களில் சம்பையும் டைமிங் செயின் கவரையும் பல இடங்களில் கேஸ்கெட் இல்லாமல், பசைபோன்ற சீலண்டைக் கோடாக இழுத்தே ஒட்டுகிறார்கள். அந்தக் கோடு ஓரிடத்தில் மெலிந்தோ அறுந்தோ போனாலும், ஒட்டும் பரப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும், அங்கே கசியும். கிராங்க் ஷாப்ட்டின் இரு முனைகளிலுமுள்ள ஆயில் சீல்களின் மெல்லிய உதடு, பொருத்தும்போது மடங்கியோ கீறியோ போயிருக்கலாம். இவற்றுள் பின்முனைச் சீலே பெருந்தொல்லை, ஏனெனில் அது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஒளிந்திருக்கிறது; இரண்டும் சேரும் இடத்தின் அடியிலிருந்து எண்ணெய் சொட்டுவதும், சில வேளைகளில் கிளட்ச் வழுக்குவதும் அதன் அடையாளங்கள்.

எந்தச் சீலை மாற்றினாலும் சில வாரங்களில் வேறோர் இடத்தில் கசிகிறது என்றால், இன்ஜினின் மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கிறதா, பொருத்தும்போது நசுங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே வரும் வாயு வெளியேற வழியின்றி உள்ளே அழுத்தமாகத் திரண்டால், எந்தச் சீல் பலவீனமோ அதைத் தள்ளிக்கொண்டு எண்ணெயோடு வெளிப்படும். அளவுக்கு மீறி எண்ணெய் ஊற்றியிருப்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

சர்வீஸ் சென்டரில் நடக்கும் சம்பாஷணை பெரும்பாலும் ஒரேவிதமாகவே இருக்கும். “சார், புது இன்ஜின்ல லேசா வேர்க்கத்தான் சார் செய்யும், துடைச்சு விட்டுர்றோம், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு ஒரு தடவை கொண்டாங்க” என்பார் சர்வீஸ் அட்வைசர். அவர் சொல்வது முழுப்பொய்யன்று. சீலின் ஓரத்தில் ஈரம் படிந்து தூசி ஒட்டுமளவுக்கு வேர்ப்பது சில இன்ஜின்களில் உண்டு, அதற்காக இன்ஜினைப் பிரிப்பது அவசியமும் அன்று. ஆனால் துளி திரண்டு விழுவது வேர்வையல்ல. ‘துடைத்துவிட்டுக் கவனிப்போம்’ என்பதை முதல்முறை சம்மதிக்கலாம், அதுவும் டிப்ஸ்டிக்கின் மட்டத்தை மேல்கோட்டில் நிறுத்தி, அதை ஜாப் கார்டில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு. இரண்டாம் முறையும் அதையே சொன்னால் சம்மதிக்கக் கூடாது.

ஜாப் கார்டில் ‘ஆயில் லீக் செக்’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். அதற்குப் பதிலாக, “இன்ஜின் எண்ணெய் கீழ்க்கோட்டுக்குக் கீழே உள்ளது, சம்பின் பின்பகுதியும் கியர்பாக்ஸ் சேரும் இடமும் நனைந்துள்ளன, ஓரிரவில் உள்ளங்கை அகலம் கறை விழுகிறது, கசியும் இடத்தைக் கண்டுபிடித்து எழுத்தில் தெரிவிக்கவும்” என்று நாம் சொல்லச் சொல்ல எழுதச் செய்ய வேண்டும். கணினியில் அதற்கு இடமில்லை என்றால், ஜாப் கார்டின் பிரதியில் பேனாவால் எழுதி இருவரும் கையெழுத்திடலாம்; அன்று மாலையே அதே வாசகத்தை மின்னஞ்சலில் டீலருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் அனுப்பிவைப்பது அதனினும் உத்தமம். முக்கியமான இன்னொன்று, குறைந்த எண்ணெயைச் சத்தமில்லாமல் ஊற்றி நிரப்பி வண்டியைத் திருப்பித் தருவதற்கு இடங்கொடுக்கலாகாது. உள்ளேயிருக்கும் எண்ணெயை முழுவதும் இறக்கி, அளவு ஜாடியில் அளந்து, இன்ஜின் கொள்ளளவிலிருந்து அதைக் கழித்து, இழப்பு எத்தனை லிட்டர் என்று எழுதச் சொல்ல வேண்டும். பிற்பாடு எந்த நிபுணரிடம் சென்றாலும், அவர் முதலில் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.

பின்முனைச் சீலை மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று கேட்டவுடன், புதுக் காரைப் பிரித்துப் போடுகிறார்களே என்று மனம் கலங்குவது இயல்பு. கியர்பாக்ஸை இறக்குவது இன்ஜினைத் திறப்பதாகாது. கைதேர்ந்தவர் செய்தால் அதனால் வண்டிக்குக் குறைவு ஒன்றும் நேராது. அதற்குப் பயந்து, கசிவை அடைப்பதாகச் சொல்லும் திரவங்களை இன்ஜினில் ஊற்றச் சம்மதிப்பதுதான் குறைவு. அவை ரப்பரை வீங்கச் செய்து சில காலம் மறைக்கின்றன, வாரண்டிக்காரருக்கும் ஒரு சாக்கைக் கொடுக்கின்றன. கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே, எண்ணெயில் நனைந்த கிளட்ச் தட்டை அதே வாரண்டியில் மாற்றித் தரக் கேட்க வேண்டும்; நனைந்த தட்டைத் துடைத்துப் போடுவது நிலைக்காது. முன்பக்கக் கசிவானால், விசிறிப் பெல்ட்டிலும் ஆல்டர்னேட்டரிலும் ரப்பர் குழாய்களிலும் இன்ஜின் மவுண்ட்டுகளிலும் எண்ணெய் பட்டிருக்கிறதா என்று பார்த்து, ஊறி வீங்கியவற்றை மாற்றச் சொல்ல வேண்டும்.

சிவப்பு விளக்கு எரிந்த பின்னும் ஓடிய இன்ஜினில், கசிவை அடைத்ததோடு விவகாரம் தீர்ந்துவிடாது. பில்டரை வெட்டி விரித்து, மடிப்புகளில் பளபளக்கும் உலோகத் துகள் இருக்கிறதா என்று நம் கண்முன் காட்டச் சொல்லலாம். பிரஷர் கேஜை மாட்டி, சூடேறிய இன்ஜினின் எண்ணெய் அழுத்தத்தை அளந்து, கம்பெனியின் சர்வீஸ் நூலில் உள்ள அளவோடு ஒப்பிட்டு எழுதித் தரக் கேட்கலாம். துகள் கண்டாலோ, அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று தட்டும் ஓசை கேட்டாலோ, சம்பை இறக்கிப் பேரிங்குகளைப் பரிசோதிக்கும்படி வற்புறுத்த வேண்டும். இன்று ஓடுகிறதே என்று வாங்கிக்கொண்டு வந்தால், தேய்ந்த பேரிங்கு வாரண்டி முடிந்த பிறகு தன் கணக்கைக் கொடுக்கும்.

சம்பில் அடிபட்ட நசுங்கலோ கீறலோ இருந்தால், வாரண்டி உதவாது. அது இன்ஷூரன்ஸின் விஷயம். அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. கல் மோதி உடைந்த சம்புக்குப் பணம் தருபவர்கள், எண்ணெய் வடிந்த பின்னும் ஓட்டியதால் பிடித்துக்கொண்ட இன்ஜினுக்குத் தருவதில்லை. அது மோதலின் நேர்விளைவு அல்லவென்று தள்ளிவிடுகிறார்கள். ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்னும் கூடுதல் காப்பீட்டை எடுத்தவர்களுக்கு மாத்திரம் அதில் பரிகாரம் உண்டு, அதுவும் அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டே.

டீலரும் கம்பெனியும் கைவிரித்தால், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வது முதற்படி. கடிதங்களுக்கு அசையாதவர்கள் சிலர் அதற்கு அசைகிறார்கள். அதற்கும் மேலே, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி, கம்பெனி எந்த ஊரிலிருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம், வக்கீல் கட்டாயமில்லை, இணையவழியிலும் மனுச் செய்யலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரையில் மாவட்ட ஆணையமும், அதற்குமேல் 2 கோடி வரையில் மாநில ஆணையமும் விசாரிக்கும். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். ‘அடுத்த மாதம் பார்க்கலாம் சார்’ என்னும் வாக்குறுதிகளிலேயே அந்தக் காலம் கரைந்துபோகாமல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பரிசோதனையின்றி முடிவு செய்ய இயலாத குறையாயின், ஆணையம் பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, 45 நாட்களுக்குள் அறிக்கை கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு.

எதைக் கேட்பது என்பதில் நிதானம் வேண்டும். புதுக் காரே மாற்றித் தர வேண்டும் என்பதே எல்லாருடைய முதல் கோரிக்கை. ஆனால் குறைபட்ட பாகத்தை மாற்றினால் தீரும் என்றிருக்கும்போது, வாரண்டியின் வாசகம் பாகத்தை மாற்றித் தருவதையே சொல்லுவதால், முழு வண்டியையும் மாற்றும்படி உத்தரவிடுவது பொருந்தாது என்று உச்சநீதிமன்றம் 2006-இல், கிளட்ச் பற்றிய ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே, ஒருமுறை சீல் மாற்றிச் சரியான காருக்காக முழு விலையையும் கேட்பதைவிட, பழுதின் செலவு, வண்டியில்லாத நாட்களின் வாடகைக் கார்ச் செலவு, அலைச்சலுக்கான நஷ்டஈடு, நீட்டித்த வாரண்டி இவற்றைக் கேட்பது சித்திக்கும். பலமுறை திறந்தும் தீராத கசிவென்றால் நிலைமை வேறு. அப்போது, ஒவ்வொரு முறையும் வாங்கிவைத்த ஜாப் கார்டுகளே, குறை உற்பத்தியில் பிறந்தது என்பதற்கான வாதமாக அமையும். ஒரே மாடலில் பலருக்கும் இதே கசிவு என்று தெரிந்தால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ், 7 ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி அரசு கட்டளையிடக் கூடிய ஏற்பாடு 2021 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்கான புகாரை ‘வாகன்’ இணையதளத்தில் பதியலாம்.

பழுது நீங்கி வண்டியைப் பெற்றுக்கொள்ளும்போது, ரூபாய் ஏதும் வாங்காத வாரண்டி வேலைக்கும் பில் கேட்டு வாங்க வேண்டும். அதில் கசிந்த இடமும், மாற்றிய பாகங்களின் எண்களும், ஊற்றிய எண்ணெயின் கிரேடும் அளவும் இருக்க வேண்டும். அடித்தட்டை எல்லாத் திருகுகளோடும் மாட்டியிருக்கிறார்களா என்று குனிந்து பார்ப்பதும் அவசியம். முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரையில் வாரந்தோறும் ஒரே இடத்தில், காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டிப்ஸ்டிக்கைப் பார்த்துத் தேதியோடு குறித்துவரலாம்.

இன்ஜினையே மாற்றித் தந்திருந்தால், ஒரு காரியம் மிச்சமிருக்கிறது. இன்ஜின் எண் சிலிண்டர் பிளாக்கில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பிளாக் மாறினால் எண்ணும் மாறும். புதிய எண்ணைப் பதிவுச் சான்றில் ஏற்றாமல் விட்டால், நாளை விபத்து நேரும்போது இன்ஷூரன்ஸ் சர்வேயரும், விற்கப்போகும்போது வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும், பொருந்தாத எண்ணைக் காட்டிக் கேள்வி கேட்பார்கள். ஆகையால் புதிய இன்ஜினின் இன்வாய்ஸையும், பழையதை ஏன் மாற்றினார்கள் என்னும் டீலரின் கடிதத்தையும் வாங்கிக்கொண்டு, கடனில் வாங்கிய வண்டியானால் பாங்கின் சம்மதக் கடிதத்தையும் சேர்த்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாற்றத்தைப் பதிவு செய்துவிட்டு, அதன் நகலை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்பிவைக்க வேண்டும். இந்த அலைச்சலை டீலரே ஏற்றுச் செய்யும்படி, வண்டியைப் பெற்றுக்கொள்வதற்கு முன்னமேயே எழுதி வாங்கிக்கொள்வது நலம்.